கோகேட் மதிப்பெண் வந்தாச்சு. ஏஏபி லெவல் 4 ரெஃபரல் போடுவதா, வேண்டாமா? (ஃபேர்ஃபாக்ஸ்)

நிலா_அம்மா | டிசம்பர் 2, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

பெண் அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கோகேட் என்ற சிந்தனைத் திறன் சோதனையில் வெர்பல் (சொல்) 114, குவான்டிடேட்டிவ் (கணக்கு) 136, நான்வெர்பல் (வடிவம்) 127. வீட்டுக்கு வந்ததும் "அம்மா, பெரிய கணக்கு குடு" என்று பின்னாடியே வருவாள். நானும் அடுப்படியில் நின்றுகொண்டே வாய்க்கு வந்த கணக்கைச் சொல்வேன்.

ஏஏபி, அதாவது முன்னேறிய பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புத் திட்டத்துக்கு, ரெஃபரல் (பரிந்துரை) ஃபார்ம் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கும்பகோணத்தில் நான் படித்த பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே மார்க் பார்த்து ஏ செக்‌ஷன், சி செக்‌ஷன் என்று பிரித்தார்கள். நான் ஏ, என் உயிர்த்தோழி சி. பத்தாவது முடிகிறவரை ஒரே பஸ்ஸில்தான் போய்வந்தோம். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். ஏழு வயதில் என் பெண்ணுக்கும் அதையே செய்யப் போகிறேனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கொங்குக்குசும்பு | டிசம்பர் 2, இரவு 11:15

ஏனுங்க, இதுக்கு இவ்வளவு யோசனையா? டிசம்பர் 15க்குள்ள ஃபார்ம் போயிரோணும், அவ்வளவுதான். நம்மாளுங்க ஒருத்தரும் உங்களை மாதிரி ஒக்காந்து யோசிக்கறதில்லீங்க. சனிக்கிழமை எந்தப் பிளாசாவுக்கு வேணா போய்ப் பாருங்க, பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில ஒரு கோகேட் கோச்சிங் இருக்கும். அஞ்சரை வயசுப் புள்ளை ஓரிகாமி மாதிரி பேப்பரை மடிச்சு ஓட்டை எங்க வரும்னு சொல்லிட்டிருக்கும். அப்பறம் நாம அதை 'பொறவியிலேயே புத்திசாலி'ம்போம்.

---

ரெண்டு_புள்ள_அப்பா | டிசம்பர் 3, காலை 7:05

அம்மா, பதறாம ஒண்ணொண்ணாப் பாப்போம். என் ரெண்டு பிள்ளைகளும் இந்த வழியாப் போனவங்கதான்.

ஏஏபின்னா ஒரே வகுப்புன்னு நினைச்சுக்காதீங்க, நாலு லெவல் இருக்கு. லெவல் 1 எல்லாப் பிள்ளைக்கும் பொது. லெவல் 2 ஏதோ ஒரு பாடத்துல மட்டும் முன்னாடி இருக்கிற பிள்ளைக்கு, அதே வகுப்புலயே. லெவல் 3 வாரத்துல கொஞ்ச நேரம் தனியா. லெவல் 4தான் முழுநேரம், மூணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும். அதை சென்டர் பள்ளியில நடத்துறாங்க, நிறைய இடத்துல அவங்கவங்க வட்டாரத்துப் பள்ளியான பேஸ் ஸ்கூல்லயே 'லோக்கல் லெவல் 4'னும் இருக்கு. சென்டருக்குப் போனா கவுன்டி பஸ் வரும்.

கோகேட்டுக்கு சராசரி 100. 132னா 98வது பர்சன்டைல் பக்கம், அதாவது நூறுல 98 பேருக்கு மேல. உங்க பொண்ணுக்கு மூணு பிரிவும் மூணு மாதிரி வந்திருக்கு, கணக்குதான் தூக்கல். மார்க்கை வெச்சு பள்ளியே முதல் பட்டியல்ல (ஸ்கிரீனிங் பூல்) சேர்த்துட்டா நீங்க ஃபார்ம் போட வேண்டியதே இல்லை. சேர்க்கலைன்னா பெற்றோர் ரெஃபரல். அந்தப் பட்டியலுக்கு இப்ப அந்தந்தப் பள்ளிக்குள்ளதான் ஒப்பிட்டுப் பாக்கறாங்க, அதனால எல்லாரும் 130க்கு மேல வாங்கற பள்ளியில 136கூட வெளியில நிக்கலாம், அதே மார்க் வேற பள்ளியில உள்ளே போயிரும். பட்டியல்ல இல்லைன்னு வந்தா புள்ளைக்கு மூளை இல்லைன்னு அர்த்தமில்லை, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

முடிவு எடுக்கறது மையக் குழு. டீச்சர் நிரப்புற மதிப்பீட்டுத் தாள், பிள்ளையோட வேலை மாதிரிகள், நீங்க எழுதறது எல்லாம் அவங்க மேசைக்குப் போகும். இல்லைன்னு வந்தா அப்பீல் உண்டு, அப்ப சைக்காலஜிஸ்ட் எடுக்கற விஸ்க்ங்கற ஐகியூ சோதனை மார்க்கையும் சேர்க்கலாம்.

---

வகுப்பறைவாசி | டிசம்பர் 3, மாலை 5:50

நான் வர்ஜீனியாவில் வேறொரு மாவட்டத்தில் ஆசிரியை. பதினோரு வருடம் வகுப்பு, பிறகு ஆறு வருடமாக கிஃப்டட், அதாவது மீத்திறன் பிள்ளைகளுக்கான ரிசோர்ஸ் டீச்சர். தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "உள்ளே போக என்ன செய்யணும்?" என்பதுதான். உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இருபது கணக்கை முடித்த குழந்தைக்கு இன்னொரு இருபது கொடுப்பது தண்டனை. குழந்தைகள் அதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடும், அதன்பின் வேண்டுமென்றே மெதுவாகப் போடும். எனக்குப் பிடித்த வேலைமுறை, கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஜோசப் ரென்சுல்லி சொன்ன 'கம்பாக்டிங்'. பாடம் தொடங்கும் முன்பே அதன் கடைசித் தேர்வைக் கொடுத்துப் பார்ப்போம். தெரிந்ததை வெட்டிவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் அதே கருத்தின் ஆழத்துக்குப் போவோம். பெருக்கல் தெரிந்த குழந்தைக்கு மூன்று இலக்கப் பெருக்கல் எதற்கு? ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் வர்க்க எண் வருகிறது என்று கேட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கலாம். இதற்குத் தனி வகுப்பு கட்டாயமில்லை. ஆனால் இருபத்தாறு பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் இதைத் தினமும் செய்ய முடியுமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், பெரும்பாலான நாட்களில் என்னால் முடிந்ததில்லை. தனி வகுப்புக்கான நியாயத்தை நான் அதில்தான் பார்க்கிறேன்.

ரென்சுல்லி 1978ல் சொன்ன இன்னொன்றும் உண்டு. சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாத பிடிவாதம், இந்த மூன்று வளையமும் சந்திக்கும் இடத்தைத்தான் அவர் திறமை என்றார். கோகேட் இதில் முதல் வளையத்தை மட்டும் எட்டிப் பார்க்கிறது. "பெரிய கணக்கு குடு" என்று பின்னாடியே வருவது மூன்றாவது வளையம், நிலா அம்மா. ஃபார்மில் எழுத வேண்டியது அதைத்தான்.

---

எண்கடல் | டிசம்பர் 3, இரவு 9:30

எல்லாரும் 'என் பிள்ளை உள்ளே போகுமா' என்ற இடத்திலேயே நிற்கிறோம். ஃப்ளோரிடாவின் பிரோவர்ட் கவுன்டியில் நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். டேவிட் கார்டும் (2021ல் பொருளாதார நோபல் வாங்கியவர்) லாரா ஜூலியானோவும் அதை அலசி 2016ல் வெளியிட்டார்கள்.

அங்கே முதலில் ஆசிரியரோ பெற்றோரோ கை காட்டினால்தான் ஐகியூ சோதனை. 130 வாங்க வேண்டும். இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் 116 போதும். அப்படித் தளர்த்தியும் ஏழைப் பள்ளிகளில் ஆளே கிடைக்கவில்லை. 2005வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு சொல்லில்லாச் சோதனை வைத்து, தேறியவர்களை மாவட்டமே செலவு செய்து சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பியது. கிஃப்டட் பட்டியலில் கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 80 சதவீதமும் ஹிஸ்பானிக் பிள்ளைகள் 130 சதவீதமும் கூடினார்கள். அந்த 130, 116 கோடுகளை யாரும் தொடவே இல்லை! முன்பும் அந்தப் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள், கை காட்டத்தான் ஆள் இல்லை. பிறகு பொருளாதார நெருக்கடியில் பணம் இல்லை என்று மாவட்டம் அதை நிறுத்தியதும் எண்ணிக்கை பழைய நிலைக்கே இறங்கிவிட்டது.

கொங்கு அண்ணன் சொன்ன மாடி கோச்சிங்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்குக் கை காட்ட ஊரே இருக்கிறது.

---

கொங்குக்குசும்பு | டிசம்பர் 3, இரவு 10:02

அது சரிங்க. கண்டுபுடிச்சு உள்ள போட்டாங்க. உள்ள போன புள்ளைக படிப்புல தேறுச்சா, அதைச் சொல்லுங்க மொதல்ல.

---

எண்கடல் | டிசம்பர் 3, இரவு 10:48

நல்ல கேள்வி. விடையும் விசித்திரமானது.

அந்த மாவட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. நாலாவது, அஞ்சாவதில் ஒரே ஒரு கிஃப்டட் பிள்ளை இருந்தாலும் தனி வகுப்பு வைக்க வேண்டும். ஒரு பள்ளியில் அப்படி ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள், வகுப்பிலோ இருபதுக்கு மேல் இடம். மீதி நாற்காலிகளை முந்தைய வருடத் தேர்வில் நல்ல மார்க் வாங்கிய மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 130 தாண்டி வந்த பிள்ளைகளின் தேர்வு மார்க்கில் சொல்லும்படி ஏற்றம் இல்லை. நாற்காலி காலியாக இருந்ததால் உள்ளே வந்தார்கள் பாருங்கள், அவர்களில் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் அரை ஸ்டாண்டர்ட் டீவியேஷன் அளவுக்கு ஏறினார்கள். பள்ளி ஆராய்ச்சியில் அது பெரிய எண். வெளியே மற்ற வகுப்பில் இருந்தவர்களுக்கு நஷ்டமும் இல்லை.

அதனால் 'கிஃப்டட் வகுப்பு' என்ற பெயர்ப்பலகையை விட, அதில் மீதி நாற்காலிக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி. 130 பிள்ளைக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே உச்சியில் இருக்கிற பிள்ளை எவ்வளவு நகர்ந்தது என்று மாநிலத் தேர்வைக் கொண்டு அளப்பது, குளத்தின் ஆழத்தை ஸ்கேலால் அளக்கிற மாதிரி.

---

வகுப்பறைவாசி | டிசம்பர் 4, காலை 6:20

எண்கடல், கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேர்ஃபாக்ஸில் 2000 முதல் 'யங் ஸ்காலர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான வழியில் கண்ணில் படாத பிள்ளைகளைக் கிண்டர்கார்ட்டனிலேயே தேடி எடுத்து, கோடை வகுப்பு, கூடுதல் ஆதரவு என்று கூடவே நடத்திக்கொண்டு போவார்கள். நம் வாட்ஸாப் குழுக்களில் அதன் பெயர்கூட அடிபடுவதில்லை. வர்ஜீனியாவில் ஒவ்வொரு மாவட்டமும் கிஃப்டட் கல்விக்குத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது மாநில விதி. மத்திய அரசில் அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. 1988ல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் மாதிரித் திட்டங்களுக்கும் கொஞ்சம் பணம் தருகிறது, அவ்வளவே. கவுன்டி எல்லையைத் தாண்டினால் விதி வேறாகிவிடுவது அதனால்தான்.

---

ஸ்காபரோ_சுதா | டிசம்பர் 4, மதியம் 1:10

நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச ஒன்ராறியோவில கிஃப்டட் எண்டுறதை விசேட கல்விக்குள்ளதான் வைச்சிருக்கினம். கேட்கக் குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு என்ன சட்டமோ, இதுக்கும் அதே சட்டம். ஐபிஆர்சி எண்டு ஒரு குழு கூடும், தாய் தேப்பனையும் கூப்பிட்டு இருத்தித்தான் முடிவெடுப்பினம். பிடிக்காட்டி மேல்முறையீடு செய்யலாம். பிள்ளைக்கு ஐஇபி எண்டு தனித் திட்டமும் எழுதுவினம்.

எனக்கு இந்த யோசனை நல்லாப் பிடிச்சது. நான் இலங்கையில அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் எழுதின ஆள். பத்து வயசில முழுக் குடும்பமும் சேந்து அழுத சோதினை அது. பாஸ் பண்ணினால் பெரிய பள்ளிக்கூடம், இல்லாட்டி அயலட்டைக்கு முகம் காட்டேலாது. இஞ்ச "உங்கட பிள்ளைக்கு இது தேவை" எண்டு சொல்லிச்சினம், "உங்கட பிள்ளை வெண்டிட்டுது" எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எண்டாலும் எங்கட சனம் சும்மா இருக்குமே? கடிதம் வந்த கிழமையே கோயில்ல நாலு பேருக்குச் சொல்லி முடிஞ்சுது. நானும்தான், பொய் சொல்லேல்லை.

நிலா அம்மா, நீங்கள் சொன்ன அந்தத் தோழி இப்ப எங்க?

---

நிலா_அம்மா | டிசம்பர் 4, இரவு 9:55

சுதா அக்கா, அவள் இப்போது திருவாரூர் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சி செக்‌ஷன்தான்.

---

மூன்றாம்_வரிசை | டிசம்பர் 5, அதிகாலை 1:30

எனக்கு 22. நானும் மூணாவதுலேருந்து எட்டாவது வரை கிஃப்டட் வகுப்பு, எந்த ஊர்னு சொல்லல. தமிழ்ல டைப் பண்றதுல தப்பு இருந்தா மன்னிக்கவும்.

நல்லது: முதல் தடவை என்னை மாதிரி மூணு பேரைப் பாத்தேன். டைனோசர் பத்திப் பேசினா யாரும் சிரிக்கல. கெட்டது: வீட்ல எல்லாரும் "இவன் கிஃப்டட்"னு அறிமுகப்படுத்துவாங்க. அதனால தெரியலைன்னு சொல்றதே பெரிய குற்றம் மாதிரி ஆச்சு. ஹைஸ்கூல் வரைக்கும் உக்காந்து படிச்சதே இல்ல, தேவைப்படல. காலேஜ் முதல் செமஸ்டர்ல லீனியர் அல்ஜிப்ராவில் விழுந்தேன். படிக்கிறதுன்னா எப்படின்னு 18 வயசுல யூட்யூப் பாத்துக் கத்துக்கிட்டேன். அப்பறம்தான் ஏடிஹெச்டின்னும் (கவனம் நிலைக்காத பிரச்சினை) தெரிஞ்சது. மார்க் நல்லா வந்ததால அதுவரைக்கும் யாருக்கும் தோணல.

ஆன்ட்டி, பொண்ணுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது அவளால முடியாத கணக்கு ஒண்ணு கிடைக்குதான்னு பாருங்க. எந்த வகுப்புல வேணா இருக்கட்டும்.

---

டிஜே_2031 | டிசம்பர் 5, காலை 8:40

இதெல்லாம் பேசி என்ன பயன்? கடைசியில் டிஜேதான் (தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல், போட்டி போட்டு நுழையும் அரசுப் பள்ளி) குறி. 2020 டிசம்பரில் நுழைவுத் தேர்வையே எடுத்தார்கள். ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீதம் அளவுக்கு இடம் ஒதுக்கினார்கள். புது முறையின் முதல் வருடத்திலேயே ஆசியப் பிள்ளைகள் 73 சதவீதத்திலிருந்து 54க்கு வந்தார்கள். உழைத்தவனுக்கு இதுதான் பரிசா?

---

எண்கடல் | டிசம்பர் 5, காலை 9:12

54 சதவீதம் என்றாலும் பாதிக்கு மேல் நம் பிள்ளைகள்தான். புது முறையை எதிர்த்துப் போட்ட வழக்கும் முடிந்துபோன கதை: 2023 மே மாதம் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. தேர்வு இருந்த காலத்தில் வருடக்கணக்காகக் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை உழைக்கவில்லை என்கிறீர்களா?

---

டிஜே_2031 | டிசம்பர் 5, காலை 9:20

ஊரில் 69 சதவீத இட ஒதுக்கீட்டைப் பார்த்து ஓடிவந்தவர்களிடம் போய்...

---

இழைக்காவலர் | டிசம்பர் 5, காலை 9:31

இதற்குப் பிறகு வந்த பதினான்கு பதிவுகளை டிஜே இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பேச்சு இரண்டாம் வகுப்புக் குழந்தையைப் பற்றி. அந்தக் குழந்தை இன்னும் பால்பல்லே முழுசாக விழாமல் இருக்கிறது.

---

நிலா_அம்மா | டிசம்பர் 9, இரவு 10:20

ஃபார்ம் போட முடிவு பண்ணிவிட்டோம். இப்போது வேலை மாதிரிகளில்தான் சண்டை. வீட்டுக்காரர் ஏதோ ஒரு பயிற்சிப் புத்தகத்தில் அவள் முழுசாகச் சரியாகப் போட்ட நான்கு பக்கத்தை வைக்கலாம் என்கிறார்.

நான் வேறொன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், மார்கழிக்கு என்று நோட்டில் கோலம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு புள்ளி, ஒன்றில் நிறுத்தும் நேர்ப்புள்ளிக் கோலம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியை எண்ணி 25 என்றாள். பிறகு மூன்று புள்ளிக் கோலத்துக்கு 5, ஐந்துக்கு 13, ஒன்பதுக்கு 41 என்று தானே போட்டு எண்ணியிருக்கிறாள். கீழே கிறுக்கலாக "8 கூடுது, 12 கூடுது, 16 கூடுது, பாட்டி இது நாலாம் வாய்ப்பாடு!" என்று பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இரண்டு இடத்தில் தப்பாக எண்ணி அடித்திருக்கிறாள். காபிக் கறை வேறு. இதை அனுப்பலாமா? அசிங்கமாக இருக்குமோ?

---

வகுப்பறைவாசி | டிசம்பர் 9, இரவு 10:34

அனுப்புங்கள்! அடித்ததை அழிக்காதீர்கள், திரும்ப எழுத வைக்காதீர்கள், காபிக் கறையும் இருக்கட்டும். தமிழ் வரிக்குப் பக்கத்தில் நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள், அது போதும். சுத்தமான பயிற்சித் தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இந்தத் தாளில் ஒரு குழந்தை யோசிப்பது தெரிகிறது.

இன்னொன்று. முடிவு வர வசந்தம் ஆகிவிடும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வகுப்பு டீச்சரிடம் "அடுத்த யூனிட்டுக்கு முன்னால் ஒரு ப்ரீ-டெஸ்ட் கொடுத்துப் பார்க்க முடியுமா, லெவல் 2 கிடைக்குமா" என்று பணிவாகக் கேளுங்கள். அதற்கு எந்தக் குழுவும் கூட வேண்டாம். "போர் அடிக்கிறது என்கிறாள்" என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுத்துவிடாதீர்கள். எந்த டீச்சருக்கும் அது சுருக்கென்று தைக்கும், எனக்கும்தான்.

---

ரெண்டு_புள்ள_அப்பா | டிசம்பர் 10, காலை 7:15

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. சென்டரா லோக்கலாங்கற கேள்வியும் சீக்கிரம் வரும். மூத்தவளை சென்டருக்கு அனுப்பினோம், சின்னவனை லோக்கல்லயே விட்டோம். சென்டர்ல அவளை மாதிரிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க இருந்தாங்க, தெருவுல விளையாட ஒருத்தரும் இல்லை. சின்னவனுக்கு அப்படியே தலைகீழ். இன்னிக்கும் எது சரின்னு எங்க வீட்ல ஒத்துக்கிட்டதில்லை.

---

நிலா_அம்மா | ஏப்ரல் 11, இரவு 9:48

நான்கு மாதம் கழித்து வருகிறேன். தகுதி என்று கடிதம் வந்துவிட்டது. எங்கள் பள்ளியிலேயே லோக்கல் லெவல் 4 இருப்பதால் மூன்றாவது அங்கேதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு சென்டர் ஆசை இன்னும் போகவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். சுதா அக்கா, அம்மா அன்றைக்கே கும்பகோணத்துக்கு போன் போட்டுவிட்டார்.

டீச்சரிடம் ப்ரீ-டெஸ்ட் கேட்டேன், ஜனவரியிலிருந்து கொடுக்கிறார். இவளோடு இன்னும் மூன்று பேருக்கும் சேர்த்து. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் ரெஃபரலே போடாதவர்கள். நாலு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து கோலப் புள்ளி எண்ணுகிறார்களாம். 11 புள்ளிக்கு 61 என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

---

கொங்குக்குசும்பு | ஏப்ரல் 11, இரவு 10:30

சந்தோசமுங்க அம்மிணி. ஒரு சந்தேகம், 61 சரிதானுங்களா? எம்பையன் 60ங்கறான். அவனும் இந்த வருசம் ரெண்டாவதுதான். மாடிக்கு எட்டு மாசமாப் போய்ட்டிருக்கான், அதை அப்ப சொல்லலீங்க.

---

நிலா_அம்மா | ஏப்ரல் 11, இரவு 10:41

61தான் அண்ணா. நடுப்புள்ளியை விட்டிருப்பான், மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.